ஊருக்குப் போகிறவர்கள்

துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் சூடான காற்று, அதில் கலந்திருக்கும் சோப்பு வாசனை, யாரோ சட்டைப் பையில் மறந்துவிட்டுச் சுருண்டுபோன காகிதத்தின் லேசான கருகல் நெடி. அமெரிக்காவில், சான்டா கிளாராவில் நான் வளர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். அங்கே வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் கிடையாது. மூன்று கட்டடங்களுக்கும் பொதுவாக, நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு "லாண்டரி ரூம்" இருந்தது. சனிக்கிழமை காலையில் கூடையும் கையுமாக எல்லா வீட்டு அம்மாக்களும் அங்கே கூடுவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதில் தொடங்கி, யாருடைய கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது வரை துணி காய்வதற்குள் பேசி முடித்துவிடுவார்கள். பெரியவர்கள் அந்தக் குடியிருப்பைச் செல்லமாக "நம்ம கிராமம்" என்பார்கள். கிராமம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு வீட்டு விஷயம் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கும் இடம் என்று நானாகப் புரிந்துகொண்டேன். இப்போது யோசித்தாலும் அது ஒன்றும் தப்பான விளக்கமாகத் தோன்றவில்லை.

அந்தக் கிராமத்துக்கு ஒரு பத்திரிகையும் இருந்தது. அதன் ஆசிரியர் என் அப்பா. அப்பாவோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயருக்கு, இங்கிலாந்தில் ஏதோ ஒரு மூலையில் வயல்களுக்கு நடுவே இருந்த அவருடைய சொந்த ஊரிலிருந்து மாதாமாதம் ஒரு செய்தி மடல் தபாலில் வரும். இந்த மாதம் தேவாலயத்தில் பூ வைப்பது யார் முறை, யார் வீட்டுப் பூனையைக் காணவில்லை, கேக் விற்பனை எந்தச் சனிக்கிழமை, பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது பார்த்து நடங்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் படித்த அப்பா, "நம்மள விடக் கம்மியான ஜனம். அவங்களுக்கே ஒரு பேப்பர் இருக்கு, நமக்கு இல்லாமப் போச்சே" என்றார். அடுத்த மாதமே "சுற்றமும் நட்பும்" பிறந்தது. ஒரே தாள், இரண்டு பக்கம். லாண்டரி ரூம் பலகையில் ஒரு பிரதி, வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் ஒரு பிரதி. கல்யாணப் பத்திரிகையிலிருந்து பிய்த்தெடுத்த பெயர் என்று அம்மா கேலி செய்தாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காணாமல் போன எவர்சில்வர் டப்பா, தொட்டியில் தழைத்து நிற்கும் கறிவேப்பிலை, கொலுவுக்கு அழைப்பு, பள்ளிக்கூடக் கார்பூலில் ஓர் இடம் காலி, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு மாலை நடைக்குத் துணை தேவை. இப்படித்தான் செய்திகள் இருக்கும். ஆனால் தாளைக் கையில் எடுத்ததும் எல்லாரும் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தின் அடியில் இருந்த "ஊருக்குப் போகிறவர்கள்" என்ற கட்டத்தைத்தான். இந்தியாவுக்கு யார் போகிறார்கள், எந்த ஊருக்கு, எப்போது என்று அதில் இருக்கும். பெயர் வந்தால் போதும், அன்று மாலையே கதவு தட்டப்படும். அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம், அக்கா குழந்தைக்கு ஃபிராக், தம்பிக்கு கேமரா என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து, "சின்ன பார்சல்தான், அரை கிலோ கூட வராது" என்று நீட்டுவார்கள். முடியாது என்று சொன்னவர் அந்தக் கிராமத்தில் ஒருவர்கூடக் கிடையாது, ஏனென்றால் அடுத்த வருஷம் அவர்களும் நீட்ட வேண்டியிருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா என்னை "ரிப்போர்ட்டர்" என்று கூப்பிடுவார். பெரியவர்கள் போனால் பேச்சை மாற்றிவிடும் வீடுகளில்கூட ஒரு சின்னப் பெண் நேராக உள்ளே நுழைந்து ஃபிரிட்ஜைத் திறந்து ஜூஸ் எடுத்துக் குடிக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்படி நான் கொண்டுவந்த செய்திகள் அச்சில் வந்தால் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைவிடப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் சிநேகிதி சுபா எதிர்க் கட்டடத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா ரகு அங்கிள், அம்மா மீனா ஆன்ட்டி, இருவருக்கும் சொந்த ஊர் ஈரோடு. ரகு அங்கிளுக்கு வேலை போய்விட்டது என்பது எங்கள் கிராமம் முழுக்கத் தெரியும். வேலையோடு விசாவும் போய்விடும் என்பதால் சீக்கிரம் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் அவர் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். போய் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். எதிரே பார்ப்பவர்களும் "ஆபீஸ் கெளம்பியாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் செய்தி "சுற்றமும் நட்பும்" மடலில் வரவில்லை. "கெட்ட நியூஸ் நம்ம பேப்பர்ல வராது" என்பது அப்பாவின் கொள்கை.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டுச் சுபா வீட்டுக்குப் போனபோது, நடுக்கூடத்தில் அவர்களுடைய இரண்டு பெரிய பெட்டிகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. எங்கள் கிராமத்தில் அலமாரி உச்சியிலிருந்து பெட்டி கீழே இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஊருக்கா?" என்று சுபாவைக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கி, "ஐ டோண்ட் நோ. மேபி" என்றாள். நான் ஜூஸைக்கூட முடிக்காமல் வீட்டுக்கு ஓடினேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் பின்பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தார், கட்டத்தில் இடம் காலியாக இருந்தது. "அப்படியா? நெஜமாவா?" என்று ஒரு தரம் கேட்டார். பெட்டியை நானே பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை. ரகு, மீனா, சுபா, ஈரோடு, தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று தட்டிவிட்டார்.

மறுநாள் காலை லாண்டரி ரூமில் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. "பாவம், ஒரு வழியா முடிவு பண்ணிட்டாங்க" என்றார்கள். வேலையில்லாத ஒரு மனிதரைத் தினமும் எதிரில் பார்த்து என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு, அவர் போகிறார் என்று தெரிந்ததும் பாசம் பொங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் மீனா ஆன்ட்டி வீட்டுக்கு ஏழெட்டுப் பார்சல்கள் போய்விட்டன. நாங்கள் எங்கும் போகவில்லை என்று அவர் முதலில் வந்த இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். "பரவால்ல, எப்பப் போறீங்களோ அப்பக் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்களாம். எதை வேண்டுமானாலும் கூசாமல் கேட்கிற ஜனம், உண்மையாகவே போகிறீர்களா என்ற ஒரு கேள்வியை மட்டும் மரியாதை பார்த்துக் கேட்காமல் விட்டது.

அப்படிக் கேட்காமல் விட்டவர்களில் ஒருவர் பாஸ்கர் அங்கிள். சி கட்டடத்தில் இருந்தார். தன்னுடைய கம்பெனியில் ரகு அங்கிளுக்காக அவர்தான் சொல்லி வைத்திருந்தார். இன்டர்வியூ எல்லாம் நல்லபடியாக முடிந்து, விசாவை மாற்றுவதற்குப் பட்டச் சான்றிதழ்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. பாஸ்கர் அங்கிள் துணியை மடித்துக்கொண்டே பலகையில் இருந்த மடலைப் படித்திருக்கிறார். திங்கட்கிழமை ஆபீசில் போய், ரகு இந்தியாவுக்கே திரும்பிப் போகிறாராம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வரிசையில் இருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "கேட்டா சங்கடப்படுவாரேன்னுதான் கேக்கல" என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லி வருத்தப்பட்டாராம். அவர் வருத்தத்துக்கும் நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள்.

அந்த வாரமே ஒரு மாலை ரகு அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நாலாக மடித்த மடல் இருந்தது. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"யார் சொன்னாங்கண்ணா இத?" என்று கேட்டார்.

சோபாவின் மறுமுனையில் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்த என்னை அப்பா பார்க்கவில்லை. "நாலு பேர் பேசிக்கிட்டாங்க ரகு. நல்ல சேதிதானேன்னு போட்டேன்" என்றார்.

"பெட்டிய எறக்குனது சர்டிபிகேட் எடுக்கறதுக்குங்கண்ணா. ஒரிஜினல் எல்லாம் பெட்டி ஜிப்புக்குள்ளதான் வெச்சிருந்தோம். அன்னிக்கே மறுபடி மேல ஏத்தியாச்சு." மடலைப் பிரித்து அப்பாவிடம் நீட்டினார். "நாங்க வாயால சொன்னா யாரும் நம்பறதில்ல. தப்புன்னு ஒரு வரி போட்டீங்கன்னா, நான் அதக் கொண்டுபோயி பாஸ்கர்கிட்டக் காட்டுவேன்."

"போட்டா இன்னும் பெருசாப் பேசுவாங்கப்பா. விடு, தானா அடங்கிடும்" என்றார் அப்பா. ரகு அங்கிள் என்னைப் பார்த்து, "நல்லாப் படி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டி திறந்து கிடந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஒரு வரி போட அந்தத் தாளில் இடமா இல்லை? கறிவேப்பிலைக்கு இருந்தது.

வேறு வேலை கிடைக்காமல், இரண்டு மாதங்களில் அந்தக் கட்டத்தில் வந்த செய்தி உண்மையாகிவிட்டது. அவர்கள் கிளம்புவதற்கு முன் வந்த மடலின் முன்பக்கத்தில் அவர்களுக்குப் பிரியாவிடை எழுதி, கிளப் ஹவுசில் வீட்டுக்கு ஓர் அயிட்டம் சமைத்துக்கொண்டு வந்து விருந்து வைத்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் சுபா வீட்டுக்குப் போனபோது மீனா ஆன்ட்டி குளியலறைத் தராசை நடுக்கூடத்தில் வைத்து, பெட்டியைத் தூக்கி வைப்பதும் இறக்குவதுமாக இருந்தார். எடை கூடியது. பார்சல்களில் ஒன்றைக்கூட அவர் வெளியே எடுக்கவில்லை, வாங்கிவிட்டோமே என்றார். சுபாவின் ரோலர் ஸ்கேட்ஸை வெளியே எடுத்தார். அதை என் மடியில் வைத்து, "நீ வெச்சுக்கோ தங்கம்" என்றார்.

வாசல் வரை வந்த சுபா, "வாஸ் இட் யூ?" என்று கேட்டாள். நான் "நோ" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஸ்கேட்ஸ் எனக்குக் கால் அளவு சரியாக இருந்தும் நான் ஒரு நாளும் போட்டதில்லை.

இப்போது அந்தக் குடியிருப்பு இல்லை, இடித்துவிட்டு உயரமாக வேறு ஏதோ கட்டிவிட்டார்கள். நான் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். இங்கே வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களை அவர்களுடைய கராஜ் கதவு ஏறி இறங்குவதை வைத்துத்தான் தெரியும். அப்பா எங்களோடுதான் இருக்கிறார். பழையவர்கள் எல்லாரும் சேர்ந்து "நம்ம கிராமம்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் அப்பா தன் கோப்பில் இருந்த மடல்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அதில் போட்டார். அந்தக் காலம் மாதிரி வருமா என்று உருகினார்கள். அப்படி உருகிக்கொண்டிருந்தபோது, யாரோ புதிதாகச் சேர்த்துவிட்டிருந்த ஓர் எண்ணிலிருந்து தமிழில் ஒரு செய்தி வந்தது.

"அங்கிள், நான் ரகுவோட பொண்ணு சுபா. இதுல ஒரு மடல்ல எங்களப் பத்தி வந்த செய்தி தப்பு. அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. இப்பவாச்சும் ஒரு திருத்தம் போடுவீங்களா?"

ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக வந்தது, அப்பாவும் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். திருத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் பாஸ்கர் அங்கிள் ஒரு பழைய கொலுப் படத்தைப் போட, பேச்சு சுண்டலுக்குத் திரும்பியது. "அப்பா, அன்னிக்கு உங்ககிட்ட வந்து சொன்னது நான்தானே" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு பேர் பேசிக்கிட்டாங்கம்மா. நீ ஒருத்தியா சொன்னே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அதை அவரே நம்பிவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிராமம் போய்விட்டதே என்று குழுவில் எல்லாரும் ஏங்குகிறார்கள். எனக்கு ஏக்கம் எதுவும் இல்லை. அந்த மடலும் நின்றுபோய்விட்டது, ஆசிரியர் எழுத மாட்டார். அதனால் அதன் ரிப்போர்ட்டரான நான் எழுதுகிறேன்.

திருத்தம்: "சுற்றமும் நட்பும்" மடலின் "ஊருக்குப் போகிறவர்கள்" பகுதியில் ரகு குடும்பத்தினரைப் பற்றி வெளிவந்த செய்தி தவறானது. அவர்கள் அப்போது எங்கும் போவதாக இல்லை. பெட்டியை இறக்கியது இங்கேயே இருப்பதற்காக. நாலு பேர் யாரும் பேசிக்கொள்ளவில்லை. சொன்னது நான் ஒருத்திதான்.