மச்சாள் சொன்ன 'ஓம்'

போன வருடம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய கிழமையில், நான் ஏழு வருடம் சரக்குப் பதிவு பார்த்த இறால் பதனிடும் இடம் மூடப்பட்டது. திங்கட்கிழமை காலை போனோம். கேற்றில் பூட்டு. காவலாளிக்கும் காரணம் தெரியவில்லை.

என் கணவர் அன்ரன் கடற்தொழில். கச்சானில் கடல் கொந்தளிப்பதால் வள்ளம் கரையில்தான் கிடக்கும். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. உறவினர் எல்லோரும் ஒரே வழியைச் சொன்னார்கள்: குவைத்தில் வீட்டு வேலை. புத்தளத்தில் ஒரு முகவரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. எட்டு மாதம் கைத்தொலைபேசியிலேயே 'பிசினஸ் அனலிஸ்ட்' படிப்பைப் படித்து முடித்தேன். ஒரு வேலைத்தலத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டறிந்து, அதைச் செய்பவர்களுக்கு விளங்கும்படி எழுதிக் கொடுக்கிற வேலை அது. கொழும்பில் இரண்டு நேர்முகத்தேர்வுக்குப் போனேன். இரண்டிலும் தோல்வி. இரண்டாவதில், மாதிரி வேலைத்தலம் ஒன்றுக்கு நான் எழுதியதைப் பார்த்து, தேர்வு நடத்திய ஒரு அம்மா சொன்னார்: "அங்குள்ளவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்கவில்லை." திகதியைப் போட்டு, சொன்னதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். பொருள் பிடிபடவில்லை.

தவக்காலத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இரண்டு செய்திகள் வந்தன. காலையில் முகவர்: விசா வந்துவிட்டது, அடுத்த கிழமை வெள்ளிக்குள் பாஸ்போர்ட்டைத் தரவேண்டும். பின்னேரம் கொழும்பில் ஒரு நிறுவனம்: அடுத்த கிழமை வியாழன் நேர்முகத்தேர்வு. விரல் விட்டு எண்ணினேன். புதன் தொடங்கி வியாழன் முடிய ஒன்பது நாள். ஒரு நவநாள் செபத்துக்குச் சரியான கணக்கு!

தலவில்லுத் திருத்தலத்துப் பரிசுத்த அன்னம்மாளின் படத்துக்கு முன் காலை ஐந்து மணிக்குச் செபம். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

"செபத்துக்கும் டைம்டேபிளா? அன்னம்மாள் பிந்தி வந்தா ஆப்சென்ட் போடுவியா?" என்றார் அன்ரன்.

"நீங்க வலை இழுக்கப் போங்க," என்றேன்.

நான்காம் நாள், சனிக்கிழமை, கேள்வி கேட்கப் பழக ஒரு ஆள் தேவைப்பட்டது. அன்ரனின் அக்கா பிலோமினா மச்சாள் கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருக்கிறார். மீன் கீறிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்தேன். காய மூன்று நாள் எடுக்குமா? "ஓம்." உடனே நிறுத்துக் கட்டிவிடுவீர்களா? "ஓம், ஓம்." வியாபாரி வந்து ஏற்றினால் முடிந்ததா? "ஓம் பிள்ளை." வாடிக்கு ஒரு மென்பொருள் செய்வதென்றால் வேண்டியவை என்று பதினொரு தேவைகள் எழுதினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து வாடி வேலை நடக்கும் ஒழுங்கை அழகாகப் படமாகவும் கீறினேன். திங்கள் காலை கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

மச்சாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இது ஆர்ர வாடி? எங்கட வாடி இல்லையே!"

"நீங்கதானே எல்லாத்துக்கும் ஓம் எண்டீங்க!"

"எடியே, நீ கதைக்கிறாய், நான் கேக்கிறன் எண்டுதான் ஓம் போட்டனான். நீ சொன்னது சரியெண்டு எப்ப சொன்னன்?"

அவமானமாக இருந்தது. எங்கள் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போனதே! கொப்பியை மூடினேன். "சரி மச்சாள், போன மாதம் உங்களுக்கு ஆகவும் கரைச்சலான நாள் எது? அதை மட்டும் சொல்லுங்க."

அரை மணித்தியாலம் கதைத்தார். மழை இருட்டிய ஒரு நாள், எல்லாக் கருவாட்டையும் ஒன்றாக அள்ளி உள்ளே போட்டிருக்கிறார்கள். பிறகு பிந்திக் காய்ந்தது முந்தி விற்றுப் போயிற்று. முந்திக் காய்ந்தது அடியில் கிடந்து புழுத்துப் போயிற்று. எந்தச் சாக்கு எந்த நாளுக்குரியது என்று தெரிவதுதான் அவருக்கு வேண்டியது. என் பதினொரு தேவைகளில் அது இல்லவே இல்லை.

அடுத்த நாள் காலைச் செபத்தில், 'ஆமென்' என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். இத்தனை வருடம் ஆண்டவருக்கு நான் சொன்ன ஆமெனும் மச்சாளின் ஓம் மாதிரித்தானோ? ஆறு நாளாக "வேலையைத் தாரும்" என்று நான்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். அன்று மன்றாட்டை மாற்றினேன். "ஆண்டவரே, எனக்குக் கேட்கிற காதைத் தாரும்." அழுகை வந்தது. அதோடு பயமும் போய்விட்டது.

ஒன்பதாம் நாள், வியாழன், காலை பத்து மணி. கொழும்பு நேர்முகத்தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் மரக்கறிக் களஞ்சிய முதலாளியாக நடித்தார். நான் கேட்டு அறியவேண்டும். என் முதல் நான்கு கேள்விக்கும் அவர் சிங்களத்தில் "ஒவ், ஒவ்" என்று தலையாட்டினார். மச்சாளின் அதே ஓம்! பேனாவை வைத்துவிட்டு நானும் சிங்களத்தில் கேட்டேன்: "முதலாளி, போன கிழமை உங்களுக்கு மோசமான நாள் எது? அந்த நாளைச் சொல்லுங்கள்." அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

முடிவு பிறகு அறிவிக்கப்படும் என்றார்கள். எனக்கோ அடுத்த நாள் வெள்ளி. காலை எட்டரைக்கு நானே அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, இன்று இன்னொரு இடத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டோடு புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். பாலாவிச் சந்தியில் 9.40க்கு அழைப்பு வந்தது. வேலை எனக்கு! கிழமையில் இரண்டு நாள் கொழும்பு, மற்ற நாள் வீட்டிலிருந்தே. பஸ்ஸிலிருந்த எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுது ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். புத்தளத்தில் இறங்கி, முகவரிடம் போய், குவைத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

பரிசுத்த அன்னம்மாளின் மன்றாட்டால் ஆண்டவர் எனக்குச் செய்ததை நடந்த ஒழுங்கிலேயே சொல்லியிருக்கிறேன். இப்போது என் காலைச் செபத்தில் பாதி நேரம் மௌனம்.

பங்குச் சகோதரங்களே, உங்களில் யாருக்காவது நேர்முகத்தேர்வு இருந்தால் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயில் வளவில் என்னைப் பிடியுங்கள். முதலில் பத்து நிமிடம் சேர்ந்து செபிப்போம். பிறகு எதிர்க் கதிரையில் இருந்து, உங்களை நன்றாகப் பாடுபடுத்தும் முதலாளியாக நான் நடிப்பேன். இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது. மற்றவர் இன்னும் வருகிறார். ஆண்டவர் அவருக்கும் வழி வைத்திருக்கிறார் என்று நம்பி, இருவருமாக இன்னும் செபித்துக்கொண்டிருக்கிறோம்.