தலையை ஆட்டினால் எடுக்கும் போன்

லாசரின் போனை இன்னொருவரால் எடுத்துப் பேச முடியாது. களவு போனாலும் திருடனே இரண்டாம் நாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான் என்பார் அவர் மனைவி ருமியானா. திரையில் ஐகான் என்று ஒன்றும் இருக்காது. கறுப்பாக ஒரு பரப்பு, ஓரத்தில் சின்னதாகக் கடிகாரம், அவ்வளவுதான். மேல் மூலையிலிருந்து விரலைச் சரித்து இழுத்தால் டார்ச் எரியும். முதுகில் இரண்டு தட்டு தட்டினால் கேமரா திறக்கும். கடையிலிருந்து வாங்கிவந்த அன்றே, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியதையெல்லாம் வழித்து வெளியே கொட்டிவிட்டு, இணையத்தில் முகம் தெரியாத யாரோ நாலு பேர் உருவாக்கிய வேறொரு சிஸ்டத்தை அதில் ஏற்றியிருந்தார். அந்த ஏற்றத்தில் போன் பாதி நாள் செத்துக் கிடந்தது. அது மறுபடி உயிர் பெற்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ருமியானாவின் போன் பெட்டியிலிருந்து நேராக ஏப்ரன் பைக்குள் போன போன். வாங்கும்போது திரையில் இருந்த நீல மலைதான் இன்றும் இருக்கிறது. அது எந்த ஊர் மலை என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

"குடு, அஞ்சு நிமிஷத்துல உனக்கு ஏத்த மாதிரி மாத்தித் தரேன்," என்பார் லாசர்.

"எனக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. கையை எடு."

"எவனோ உக்காந்து முடிவு பண்ணினதை அப்படியே வெச்சுக்கிட்டா, அது உன் போனா? அவன் போன்."

"அடுப்பையும் எவனோதான் செஞ்சான். அதுல நான் என் சமையலைத்தான் பண்றேன். சாப்பிட வரியா, இல்லை அதை வெச்சுக்கிட்டே இருக்கியா?"

இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கே இன்றுவரை புரிந்ததில்லை. லாசருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. எங்கள் பல்கேரிய ஊரான ப்ளெவெனின் பழைய அடுக்குமாடிகளில் பாதி லிஃப்டுகள் ஓடுவது அவர் தயவில்தான். புத்தகத்தில் உள்ளபடி எந்த லிஃப்டும் ஓடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல் உண்டு, அதற்கென்று ஒரு வளைப்பு, ஒரு கம்பி, ஒரு ஒட்டு உண்டு. நாள் முழுக்க அப்படியே வாழ்ந்த மனிதரிடம், போனை மட்டும் தந்தபடியே வைத்துக்கொள் என்றால் எப்படி வைத்துக்கொள்வார்? பாவம்தான். ஆனால் தன் கோணலைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் வம்பே இல்லை.

அவர் செய்த மாற்றங்களிலேயே அவருக்குப் பெருமையானது தலை விஷயம். லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நிற்கும்போது இரண்டு கையிலும் கிரீஸ். போன் அடித்தால் எடுக்க வழியில்லை. அவர் வாங்கிய இயர்போன் தலையசைப்பைப் புரிந்துகொள்ளும் வகை. தலையை மேலும் கீழும் அசைத்தால் அழைப்பை எடுக்கும், பக்கவாட்டில் ஆட்டினால் துண்டிக்கும். செய்தவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது நேர்த் தலைகீழ். ஆமாம் என்றால் தலை வலமும் இடமுமாக ஆடும். இல்லை என்றால் முகவாய் மேலே வெட்டும், கூடவே நாக்கில் ஒரு 'ச்சு'. முதல் வாரம் லாசர் எடுக்க நினைத்த அழைப்பெல்லாம் அறுந்தது, வேண்டாத ஆட்களெல்லாம் காதுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு உட்கார்ந்து குடைந்து, அந்த விதியைத் திருப்பிப் போட்டார். துண்டித்த கையோடு தானாக ஒரு மெசேஜ் போகவும் ஏற்பாடு செய்தார்: 'கூண்டின் மேல் இருக்கிறேன். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும் திரும்பக் கூப்பிடவும்.'

"பல்கேரியத் தலைக்குப் பல்கேரிய போன்," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆட்டிக் காட்டுவார்.

வம்பு அவருடைய அக்கா ஸ்வெத்தானாவின் போனில் தொடங்கியது. அக்கா இருப்பது பக்கத்து ஊரான லோவெச்சில், தனியாக. நான்கு வருஷத்துக்கு முன் லாசர் அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெரிய பச்சைப் பொத்தான் அசிங்கமாக இருக்கிறது என்று அதைத் தூக்கிவிட்டு, கீழ் ஓரத்திலிருந்து வளைத்து இழுத்தால் அழைப்பு எடுக்கும்படி செய்து கொடுத்தார். லாசரின் கைக்கு அது பழக்கம். இரண்டு தரம் சொல்லியும் கொடுத்தார்.

அக்காவின் மகள் ரலிட்சா ஸ்பெயினில். பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் மகளின் பெயர் மின்னுகிறது, மணி அடிக்கிறது, ஸ்வெத்தானா தட்டுகிறார், தேய்க்கிறார், அழுத்துகிறார். எடுக்க முடியவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் முடியவில்லை. பேரனின் முதல் அழுகையை ஊரே கேட்ட பிறகு, மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியின் போனில்தான் பாட்டி பார்த்தார்.

அதையும் மன்னித்திருப்பார். ஆனால் குழந்தையைக் கொண்டாட உறவெல்லாம் கூடிய மேசையில் அவர் இதைச் சொல்லி அழுதபோது, லாசர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு தடவை சொல்லிக் குடுத்தேன். உன் மண்டையில ஏறலைன்னா நான் என்ன பண்றது?"

ஸ்வெத்தானா போனைத் தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரமே பொத்தான் போன் ஒன்று வாங்கிக்கொண்டார். அதன்பின் அக்காவும் தம்பியும் பேசவில்லை.

பிறந்த நாளைப் போலவே அவரவர் பெயருக்கு உரிய திருநாளையும் நாங்கள் கொண்டாடுவோம். இவர்களுடைய பெயர் நாட்கள் ஒட்டி வருகிறவை. ஈஸ்டருக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை லாசர் நாள். மறுநாள் ஞாயிறு குருத்தோலைத் திருநாள், பூவின் பெயர் கொண்டவர்கள் எல்லோருக்கும் அன்று பெயர் நாள், ஸ்வெத்தானாவுக்கும். சின்ன வயதில் ஒரே மேசையில் இரண்டு நாளும் கொண்டாடியவர்கள். இப்போது லாசர் ஒரு கணக்கு வைத்திருந்தார். தன் நாள் முதலில் வருகிறது, ஆகவே அவள்தான் முதலில் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஞாயிறன்று தானும் கூப்பிடுவார். ஒவ்வொரு வருஷமும் சனிக்கிழமை முழுக்கக் காத்திருந்துவிட்டு, ஞாயிறு முழுக்க உம்மென்று கிடப்பார்.

இந்த வருஷம் ரலிட்சா ஸ்பெயினிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "மாமா, உங்க நம்பர் பழைய நம்பர்தானான்னு அம்மா கேட்டாங்க. நான் எதுவும் சொன்னதாக் காட்டிக்காதீங்க."

அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார். பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வந்தார்கள். மேசையில் பீன்ஸ், அரிசி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலை, ஊறுகாய், நடுவில் ரக்கியா என்னும் பழச் சாராயம். வீடு இரைந்தது. இந்த இரைச்சலில் மணி கேட்காமல் போய்விடக் கூடாதே என்றுதான் காதில் அந்த ஏற்பாடு.

"காதுல இருக்கிறதை எடேன்யா. விருந்தாளிங்க என்ன நினைப்பாங்க?" என்றார் ருமியானா.

"இருக்கட்டும்."

ருமியானாவுக்குக் காரணம் தெரியும்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். லாசர் காலையிலிருந்து ஒரு சொட்டு ரக்கியா தொடவில்லை. மேல்மாடி மின்ச்சோவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. மின்ச்சோ தானே காய்ச்சிய பிளம் ரக்கியாவைக் கொண்டுவந்திருந்தார். தன் சரக்கை ஒருவன் தொடவில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது.

"லாசோ, ஊத்தவா?"

"அப்புறம்."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்லைய்யா, அப்புறம்."

"அப்போ பொண்டாட்டி சொன்னாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே காதுக்குள் மணி அடித்தது. அழைப்பவர் பெயரை வாசித்துச் சொல்லும்படி அவர்தான் வைத்திருந்தார். உணர்ச்சியே இல்லாத அந்த இயந்திரக் குரல் சொன்னது: "அக்கா."

லாசர் உறைந்துபோனார். நான்கு வருஷமாக அந்தக் குரல் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. முதலில் என்ன சொல்லலாம் என்று ஒரு கணம் வாய் திறந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு கணத்தில் மின்ச்சோ குடுவையோடு மேசையைச் சுற்றிவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கடைசியாக் கேக்கறேன். வேணுமா, வேண்டாமா?"

லாசருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. முகவாயை மேலே வெட்டி, நாக்கால் 'ச்சு' என்றார்.

காதில் மணி நின்றது. மெசேஜ் போய்ச் சேர்ந்ததற்கான சின்ன 'டிங்' கேட்டது.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பால்கனிக்கு ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தரம் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்வெத்தானாவும் அதே அப்பனுக்குப் பிறந்தவர்தானே, ரோஷத்துக்குக் குறைவா?

ருமியானா வந்து பார்த்தபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நானே கட் பண்ணிட்டேன் ருமி. மின்ச்சோவுக்கு வேண்டாம்னேன். இது அக்காவை வேண்டாம்னுடுச்சு."

பக்கத்தில் இருப்பவள் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம்! எத்தனை வருஷத்துப் பாக்கி இருந்தது! ருமியானா அதில் எதையும் எடுக்கவில்லை. "நாளைக்கு அவங்க நாள். கதவு திறந்துதான் இருக்கும், வர்ற யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. கிளம்பிப் போ," என்றார்.

ஞாயிறு காலை மினிபஸ்ஸில் உட்கார்ந்து லாசர் செட்டிங்கைத் திறந்தார். மடியில் வெள்ளை டாஃபடில் பூங்கொத்து. எங்கே தப்பு நடந்தது என்று வரி வரியாகப் போய்ப் பார்த்தார். தப்பே இல்லை. எல்லாம் அவர் சொன்னபடி, சொன்ன நொடியில், சுத்தமாக நடந்திருந்தது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. கம்பெனிக்காரன் தந்தபடியே விட்டிருந்தால், மின்ச்சோவுக்கு அவர் சொன்ன 'வேண்டாம்', போனுக்கு 'ஆமாம்' ஆகியிருக்கும். அக்கா காதுக்குள் வந்திருப்பாள். இதை நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. போனை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, மிச்ச வழியெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பச்சைப் பொத்தானைத் தேடி அக்காவின் விரல் அந்தக் கண்ணாடியில் எங்கெல்லாம் அலைந்திருக்கும் என்று நான்கு வருஷத்தில் முதல் தடவையாக யோசித்தார்.

கதவில், குருத்தோலைக்குப் பதிலாகக் கோயிலில் மந்திரித்த வில்லோக் கிளை செருகியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம், மீன் பொரியும் வாசனை. ஸ்வெத்தானாதான் வந்து திறந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். நகரவில்லை.

"இங்க யாரும் லிஃப்ட்ல மாட்டிக்கலையே," என்றார். "எங்க கட்டடத்துல லிஃப்டே கிடையாது."

"அக்கா, அது தானாப் போற மெசேஜ். நான் அனுப்பலை."

"நீ செட் பண்ணினதுதானே?"

"நான்தான்."

"அப்போ நீ அனுப்பினதுதான்."

லாசர் நடந்ததைச் சொன்னார். மின்ச்சோ, குடுவை, முகவாய், எல்லாவற்றையும் வாசலில் நின்றே, பூவைக் கையில் பிடித்தபடி சொன்னார். ஸ்வெத்தானா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"உன் பெயர் நாள்ல, ரக்கியாவை, நீ, வேண்டாம்னே?"

"ஆமா."

"டேய், பொய் சொல்றதுன்னா நம்பற மாதிரி சொல்லணும். பன்னெண்டு வயசுல அப்பா பீப்பாய்க்கு அடியில கிடந்தவன்டா நீ."

"காலையிலேர்ந்து தொடலைக்கா."

"ஏனாம்?"

லாசர் தரையைப் பார்த்தார். "நீ கூப்பிட்டா நாக்கு குழறக் கூடாதேன்னுதான்."

ஸ்வெத்தானாவின் கை கதவிலிருந்து இறங்கியது. உள்ளேயிருந்து யாரோ மீன் கருகுகிறது என்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை.

"உன் மண்டையில ஏறலைன்னு சொன்னேன் பாரு," என்றார் லாசர். "அது தப்புக்கா. நானே செஞ்சது, என் மண்டைக்கே ஏறலை. பையன் அழுததை நீ கேக்காமப் போனது என்னாலதான்."

"என்னால கேக்க முடியலையேன்னு கூட நான் அவ்வளவு அழலைடா. எல்லார் முன்னாடியும் என்னை மக்குன்னுட்டியேன்னுதான்."

"தெரியும்."

"இப்பத்தான் தெரியும் உனக்கு," என்றார் ஸ்வெத்தானா. பூவைப் பிடுங்கிக்கொண்டார். ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தம்பியின் காதைப் பார்த்து, "அந்தக் கருமம் இருக்கா?" என்று கேட்டார்.

லாசர் தலையைத் திருப்பி இரண்டு காதையும் காட்டினார். வெறுங்காது.

"சரி, உள்ள வா. மீன் கருகிட்டா அதுக்கும் நீதான் காரணம்." இரண்டடி நடந்தவர் நின்று, அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கிளாஸை எடுத்துத் துடைத்தார். "இன்னிக்காவது குடிப்பியா?"

லாசர் தலையை வலமும் இடமுமாக ஆட்டினார். ஸ்வெத்தானா விளிம்பு வரை ஊற்றினார்.