ஷேர் ஆட்டோவில் விட்ட வேதாகமம்

இன்று காலை தாம்பரத்தில் இறங்கும்போது என் வேதாகமத்தை ஷேர் ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன்.

இறையியல் கல்லூரிப் பக்கமே போகாதவன் நான். இருபது வருடமாக அந்த வேதாகமத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்தான் என் படிப்பு. அது இல்லாமல் ஞாயிறு எப்படிப் பிரசங்கம் செய்வது?

மதியம் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் அண்ணன் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போன உயிர் திரும்பி வந்தது.

"பிரிச்சுப் பாத்தேன் சார். பக்கத்துக்குப் பக்கம் 'புரியல'ன்னு எழுதி வச்சிகீறீங்க."

"ஆமாண்ணா."

"உங்க சபைக்குப் பின்னாலதான் நம்ம வூடு. மைக்குல கேட்டா உங்களுக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரியே கீது."

இந்த ஞாயிறு, 'புரியல' என்று எழுதிய ஒரு பக்கத்தைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

மைக் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.