மேகத்தைக் கண்டால் திரும்புகிறவன்

அன்று முத்தாபுதுப்பேட்டைக் கோயிலில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மகன் முருகேசன், மருமகள் கோமதி, அவளைப் பெற்ற பத்மா, காது குத்த வந்த ஆசாரி, மொட்டைத் தலையில் சந்தனம் காயாத என் பேத்தி யாழினி. ஏழாவதாக வரவேண்டியவன் தாய்மாமன் சேகர். அவன் உட்காரவேண்டிய மணை காலியாகக் கிடந்தது. ஒன்பதே காலுக்கு முருகேசனின் போன் அடித்தது. அவன் ஓட்டிய விமானம் முந்தின நாளே மலையில் மோதிவிட்டதாம். பனிமூட்டமாம். ஆசாரி ஊசியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சேகர் ஆவடி குவாட்டர்ஸில் வளர்ந்தவன். வடக்கே மலை ஊர்களுக்கு மருந்தும் சாமானும் கொண்டுபோகும் நாலு பேர் உட்காரும் சின்ன விமானத்தை ஓட்டினான். காட்டுப்பாக்கத்தில் நடந்த அவன் காரியத்தில் சொந்தக்காரர்கள் பேசியதைக் கேட்டேன். "பைலட்டுன்னு திமிரு. இல்லன்னா அந்த மேகத்துல எவனாவது போவானா?" என்றார்கள். அவனைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அவன் திமிர் பிடித்தவன் இல்லை.

யாழினிக்குப் பெயர் வைத்த அன்று பெரிய மழை. சேகர் பாடி மேம்பாலத்தின் அடியில் பைக்கை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் நின்றான். பெயர் வைத்து முடிந்த பிறகு சொட்டச் சொட்ட வந்தான். எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "மழைக்குப் பயந்துகினு நிக்கிறவன் ஆகாசத்துல இன்னாத்த ஓட்டப்போற?" அவன் சிரித்தான். "கண்ணு தெரியல அத்தை, நின்னுட்டேன். நின்னா ஒரு கேலிப் பேச்சு, அவ்ளோதானே." நான் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் வந்து உட்காருவான். பேசாமலே டீயை வைப்பேன். குடித்துவிட்டு, "சக்கரை கம்மி அத்தை, கோவம் ஜாஸ்தி" என்பான்.

பேச ஆரம்பித்தது ஒரு காலையில். இட்லி குண்டானைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்றவன் சொன்னான்: "இந்த ஆவிக்குள்ள குண்டான் எங்க கீதுன்னு உனக்குத் தெரியும். நீ வெச்சது. மலைய நான் வெக்கலியே அத்தை. அதனால மேகத்தப் பாத்தா உள்ள மலை கீதுன்னே நெனைச்சுக்குவேன். திரும்பிடுவேன்." அன்றைக்குத்தான் எனக்கு அந்த மேம்பாலம் புரிந்தது. ஆனால் புரிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லவில்லை.

காது குத்துக்கு முந்தின நாள் காலை போன் செய்தான். மலையிலிருந்து கீழே இறங்கினால்தான் சென்னை விமானத்தைப் பிடிக்கலாம். தன் சின்ன விமானத்தில் ஒரு தடவை கிளம்பி, பாதியில் மேகம் அடைத்துக்கொண்டதால் திரும்பிவிட்டானாம். முருகேசன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான், ஆட்டோக்காரன் மழையில ஓட்டுறான். நீ மேகத்தப் பாத்துட்டு ரூமுக்குப் போய்ட்டியா?"

"ஒண்ணும் தெரியல மாமா. நாளைக்குத் தெளிஞ்சா வரேன்."

"நாளைக்கு எவன் மடியில கொயந்தைய உக்கார வைக்கிறது? போன தபாவே எங்கம்மா ஒரு வருஷம் உங்கிட்ட பேசல. இந்த தபா வரலன்னா ஜென்மத்துக்கும் பேசாது."

சேகர் கேட்டான்: "அத்தை பக்கத்துல கீதா?"

"கீது. கேட்டுகினுதான் கீது."

நான் வாயைத் திறக்கவில்லை. "நீ வராட்டி பரவால்ல, பத்திரமா இரு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மாப்பிள்ளை வீட்டுக்காரி என்ற வீறாப்பு. தாய்மாமன் தானாக வரட்டும் என்று வெற்றிலையைத் துடைத்தேன்.

"சரி மாமா, பாக்குறேன்" என்றான்.

அவன் உடம்பிருந்த பெட்டியோடு வந்த பைலட் பையன் சொன்னான்: "பையை ரூம்ல வெச்சுட்டு ஷூவைக் கழட்டிட்டாரு. அப்புறம் ஒரு போன் பேசினாரு. திரும்ப மாட்டிக்கிட்டு, பையோட கிளம்பிட்டாரு."

பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். பத்மா அதன் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கோமதி புருஷனிடம் கேட்டாள்: "கடைசியா அவங்கிட்ட இன்னா பேசின?" முருகேசன் சொன்னான்: "பத்திரமா வான்னு சொன்னேன்." அவள் என்னைப் பார்த்தாள். அன்றும் நான் பேசவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் அவளிடமும் பத்மாவிடமும் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. கோமதி அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அது அவள் நியாயம்.

அவன் பையில் கம்மல் டப்பா இருந்தது. டப்பா நசுங்கியிருந்தது, கம்மல் நசுங்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது. யாழினியின் காது இன்னும் குத்தவில்லை. இட்லி குண்டானைத் திறக்கும்போதெல்லாம் அவன் சொன்னது வருகிறது. இந்த இரண்டும்தான் நான் வைத்திருப்பது.

அவன் திரும்பி வந்தவன். திரும்பி வந்தவனை மறுபடி அனுப்பியது ஒரு போன். அதில் என் பங்கை இங்கே எழுதிவிட்டேன். "பத்திரமா வான்னுதான் சொன்னேன்" என்று இன்றைக்கும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் இருக்கிறான். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் முருகேசன். நான் பெற்றவன்.