சாகாத செடி

அந்தத் தெரு நாற்றுக்கடைக்காரிக்கு வாய் காதுவரை நீளம். விலை கேட்க நின்றவர்கூட இடுப்பில் ஒரு தொட்டியோடுதான் வீடு திரும்புவார். ஊதாப் பூப் பூக்கும் அந்த நீர்ச்செடியை வெளியூர்ச் சந்தையிலிருந்து கொண்டுவந்தவள் அவள்தான்.

"தண்ணியில போட்டா போதும். சாகவே சாகாது!" என்று கடைப் பலகையிலும் எழுதி வைத்து, கூவிக் கூவி விற்றாள்.

அவள் வாயிலிருந்து வந்த ஒரே கலப்படமில்லாத உண்மை அதுதான்.

இன்று ஒன்று, நாளை பத்து என்று செடி பெருகியது. தொட்டி கொள்ளாததைப் பின்பக்க வாய்க்காலில் வீசினார்கள். கோடை முடிவதற்குள் வாய்க்கால் பச்சைப் பாயாகிவிட்டது. ஒரு பூனை கால் நனையாமல் அக்கரைக்குப் போய் விருந்து தின்று திரும்பியது, தெருவே சாட்சி.

வாய்க்கால் போய் விழுவது ஏரியில். ஏரியில்தான் அவள் கணவர் படகு ஓட்டினார். மழை பிடித்தால் வெள்ளம் இந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஏரியில் விரித்துவிடும். அப்புறம் துடுப்பு எங்கே அசையும்? மழைக்கு ஒரு மாதம் இருந்தது.

அரிவாளோடு இறங்கினாள். ஒரே நாளில் துண்டு துண்டாக வெட்டித் தள்ளினாள். ஒரு வாரத்தில் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுத் தனிக்குடித்தனம் நடத்தியது.

"அடிப்பாவி, வெட்டலடி, நட்டுட்டு வந்திருக்க!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மறுநாள் வெறுங்கையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். வேரோடு வாரி, கரையில் தகரத்தின்மேல் வெயிலில் காயப்போட்டாள். விரலெல்லாம் ஊறி வெளுத்தது, விடவில்லை. மூன்று வாரத்தில் வாய்க்கால் தெளிந்ததும், விற்ற செடிகளைத் திரும்பக் கேட்டு வீடு வீடாக ஏறினாள். எல்லோரும் கொடுத்தார்கள், நாத்தனாரைத் தவிர.

"ஏன் அண்ணி, சாகாதுன்னு தலையில கட்டுனதும் நீங்கதான், கொல்ல வந்திருக்கறதும் நீங்கதானா?"

"தப்புதான். வாய் என்னோடது, வாய்க்கால் எல்லாருக்கும் பொதுவாச்சே. குடுத்துடு."

"மொதல்ல உங்க கடை வாசல் தொட்டியக் காலி பண்ணுங்க. அப்புறம் இங்க வாங்க."

சுருக்கென்றது. வாசல் தொட்டியில் இருந்தது தாய்ச்செடி. அதன் பூவைப் பார்க்க நின்றவர்கள்தான் உள்ளே வந்து மற்றதையும் வாங்கினார்கள். அதை மட்டும் அவள் கண்டும் காணாமல் விட்டுவைத்திருந்தாள்.

அன்றைக்கே, தெருவே பார்க்க, முழங்கைவரை கைவிட்டு அதை வேரோடு பிடுங்கித் தகரத்தில் போட்டாள்.

விடிந்ததும் நாத்தனார் தன் தொட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். "இந்தாங்க. ஒரு கிள்ளுகூட ஒளிக்கல. என் அண்ணன் படகு ஓட வேணாமா?"

நான்காம் நாள் மழை கொட்டியது. தப்பி ஏரிக்குப் போய்ச் சேர்ந்த செடி மூன்றே மூன்று. கணவர் துடுப்புப் போட, படகு முனையில் குப்புறப் படுத்து மூன்றையும் குடுமியைப் பிடித்துத் தூக்கினாள்.

இப்போதும் வாய்க்கால் ஓரம் ஒரு நடை நடக்காமல் அவள் கடை திறப்பதில்லை. பலகையிலும் பழைய வாசகம் இல்லை. "இங்கே வாங்கும் செடி தண்ணீர் ஊற்றாவிட்டால் கட்டாயம் செத்துப்போகும்" என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.