பின்சீட்டில் மாப்பிள்ளை

கணேசலிங்கத்தின் வான் வண்டிக்குள் எப்போதும் எலுமிச்சை மணம் இருக்கும். பென்டில் ஹில்லில் குடியிருந்துகொண்டு, சிட்னி பார்க்க வருகிறவர்களை மலைக்கும் கடலுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். வளைவுகளில் வயிறு பிரட்டியவர்கள், வைன் கூடிப்போனவர்கள் எல்லோரும் அந்த வானுக்குள் சத்தி எடுத்திருக்கிறார்கள். பின்கதவோரம் ஒரு வாளி, அப்பச்சோடா, பழைய துவாய்கள். துடைத்துவிட்டு, கையைக் கழுவி, அதே கையால் சோறு சாப்பிட அவரால் முடியும். அருவருப்பு என்ற ஒன்று தன்னிடம் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

ரொறன்ரோவிலிருந்து மாப்பிள்ளை கபிலனும் தாய் தகப்பனும் வந்தார்கள். கபிலனும் மகள் வர்ஷாவும் ஒரு வருடம் போனில் கதைத்துப் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மோதிரம் மாற்ற ஏற்பாடு. அதற்கு முன் அவர்களுக்கு இடங்களைக் காட்டவேண்டியது பெண்ணைப் பெற்றவர் பொறுப்பு. வானும் இருக்கிறது.

முதலில் கட்டூம்பா. மலைகளைப் பார்க்கும் இடத்துக் கம்பியில் சாய்ந்து கோழிக்கால் கடித்த கபிலன், எலும்பைப் பள்ளத்தாக்குக்குள் எறிந்தான்.

"குப்பைத்தொட்டி அங்க இருக்கு, தம்பி."

"ஏதாவது மிருகம் தின்னும் அங்கிள். ரிலாக்ஸ்."

அடுத்த நாள் கயாமா. பாறைத் துளையால் கடல் சீறி எழுந்ததை எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு கபிலனின் தாய் குடிதண்ணீர்ப் போத்தலை வர்ஷாவிடம் நீட்டினாள். "அவன்ர காலில மண் ஒட்டியிருக்கு பிள்ளை. ஊத்திவிடு." வர்ஷா ஊற்றினாள். கணேசலிங்கத்துக்கு வாய் கசந்தது. விருந்தாக வந்தவர்களிடம் வாய் திறக்கவேண்டாம் என்று விழுங்கிக்கொண்டார்.

கடைசியாக ஹண்டர் பள்ளத்தாக்கு. வைனை ருசி பார்த்துத் துப்புவதற்கென்று ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்திலும் மேசையில் வாளி வைத்திருந்தார்கள். கபிலன் ஒரு சொட்டும் துப்பவில்லை.

திரும்பும் வழியில், ஹோக்ஸ்பரி ஆற்றை நோக்கி இறங்கும் வளைவில், வானின் தரையெல்லாம் சத்தி எடுத்தான். வர்ஷாவின் செருப்பும் நனைந்தது. புளித்த வைனும் சீஸும் நாறின. கணேசலிங்கம் ஓய்விடத்தில் வானை நிறுத்தி வாளியை எடுத்தார்.

"நீங்கள் விடுங்கோ சம்பந்தி," என்று தாய் சிரித்தாள். "பிள்ளை துடைக்கட்டும். இனி அவள்தானே பாக்கப்போறாள். இப்பவே பழகட்டும்."

தகப்பனும் சேர்ந்து சிரித்தார். கபிலன் கண்ணைத் திறக்காமலே, "க்ளீன் பண்ணு, பேப்," என்றான். கால் இரண்டையும் தூக்கி வர்ஷாவின் மடியில் போட்டான்.

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அந்த வானுக்குள் கணேசலிங்கத்துக்குக் குமட்டியது. துவாயை நனைத்துப் பிழிந்தார். வர்ஷா கை நீட்டினாள். அவளிடம் கொடுக்காமல் கபிலனின் நெஞ்சில் போட்டார்.

"இந்தாரும் தம்பி. உம்மட சத்தி. நீரே துடையும்."

தாயின் சிரிப்பு நின்றது. "பெடியன் ஏலாமல் கிடக்கிறான். ஞாயிற்றுக்கிழமையை மறந்திட்டுக் கதைக்கிறியளோ?"

"மறக்கேல்லை."

கபிலன் துவாயைத் தட்டிவிட்டான். அது கீழே அந்த நாற்றத்துக்குள்ளேயே விழுந்தது. யாரும் குனியவில்லை.

வர்ஷா அவனுடைய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, துவாய்க்குப் பக்கத்தில், ஈரத்திலேயே வைத்தாள். செருப்புகளைக் கழற்றி அங்கேயே விட்டாள். வெறுங்காலோடு இறங்கி வந்து முன்சீட்டில் ஏறினாள்.

"ஹோட்டலில இவையளை இறக்கிப்போட்டு வீட்ட போவம், அப்பா."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?" என்றார் கபிலனின் தகப்பன்.

"இல்லை, அங்கிள்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கணேசலிங்கம் யன்னல் கண்ணாடிகளை அடிவரை இறக்கிவிட்டு வானை எடுத்தார். பரமட்டாவில் அவர்களுடைய ஹோட்டல் வரும்வரை அந்தச் சத்தியை அவரும் துடைக்கவில்லை.