வலது கண்ணை வரைந்தது நான் இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கு சந்தேகம் முழுக்க மனிதர்கள் மேல்தான். பால் பாக்கெட் கொஞ்சம் மெலிந்து தெரிந்தால் கடைக்காரர் மேல் சந்தேகம், பக்கத்து வீட்டம்மா திடீரென்று சிரித்துப் பேசினால் நம்மிடம் என்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது என்று சந்தேகம். என் வீட்டுக்காரர் சாமுவேல், ஸ்கூல் வாத்தியார், என்னை ‘இன்ஸ்பெக்டர் அம்மா’ என்றுதான் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட ஒருத்தி சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் கோபமில்லை, இதை நீங்கள் சொல்லி நான் கேட்டிருந்தால் உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

நான் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் பார்லர். போன வருஷம் மழை ஆரம்பிப்பதற்கு முன்னால், எனக்குத் தெரிந்த சேலைக்கடை அம்மா ஒருவர் தன் புது டிசைன்களைக் காட்ட ஒரு ஃபேஷன் ஷோ வைத்தார். பெரிய ஓட்டல், கண்ணைப் பறிக்கிற விளக்கு என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டுகிற மேடையிலிருந்து நாற்காலி வரிசைகளுக்கு நடுவே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள், அதுதான் ராம்ப். மாடல்கள் எல்லாம் காலேஜ் பெண்கள், ஐடி கம்பெனிப் பெண்கள். அவர்களைப் பந்திக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, மணமகள் அறையை மேக்கப்புக்குக் கொடுத்தார்கள். முகம் நான், தலை ரேவதி. ரேவதி என்னோடு பல வருஷமாக வேலை செய்கிற ஹேர் ஸ்டைலிஸ்ட், நல்ல கைக்காரி, ஆனால் வாய் சும்மா இருக்காது.

கடைசியாக வந்து உட்கார்ந்தவள் நிவேதா, மேடவாக்கத்துப் பெண். அவளுக்குத் தை மாதம் கல்யாணம், அதற்கும் நான்தான் மேக்கப் என்று அவள் அம்மா என்னை ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அதனால் அன்றைக்கே ஒத்திகை பார்த்த மாதிரி ஆகட்டும் என்று அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் எடுத்தேன். அவள் போன் மட்டும் மேஜை மேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை. ‘எங்க இருக்க’, ‘லொகேஷன் அனுப்பு’, ‘யார் கூட இருக்க’. ஷோவுக்கு வந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. என் கண் அதில் படாமல் இருக்குமா, எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பெண்ணின் போனைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் எங்கள் தொழில் அன்றோடு முடிந்தது.

இடது கண்ணுக்கு ஐலைனர் இழுத்து முடித்தேன். ஒரு கண் வரைவது சுலபம், அதே மாதிரி இன்னொரு கண்ணை வரைவதில்தான் உயிர் போகும். அந்த நேரம் பார்த்து சேலைக்கடை அம்மா ஓடி வந்தார். பந்திக்கூடத்தில் ஏசி நின்றுவிட்டது, ஒரு பெண்ணுக்கு ஒட்டு இமைமுடி கழன்று கன்னத்தில் தொங்குகிறது, இன்னொருத்திக்குக் கொண்டை சரிந்துவிட்டது. “காயட்டும், கண்ணைத் திறக்காதேம்மா, இதோ வந்துடறேன்” என்று நிவேதாவிடம் சொல்லிவிட்டு, லைனரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, ரேவதியையும் கூட்டிக்கொண்டு போனேன். அறைக் கதவை நானே சாத்தினேன். பந்திக்கூடத்தில் இருந்த நேரம் முழுக்க ரேவதி என் பக்கத்திலேயேதான் இருந்தாள், ஏசிக்காரனைத் திட்டிக்கொண்டு.

திரும்பி வந்தால் நிவேதா அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். வலது கண் முடிந்திருந்தது. சும்மா முடிந்திருக்கவில்லை, முடி அளவு பிசகாமல் இடதுக்கு ஜோடியாக, நான் முனையில் லேசாகத் தூக்கி விடுவேனே அந்தத் தூக்கலோடு. கன்னத்தில் கண்ணீர் இறங்கிய தடம், அதையும் யாரோ டிஷ்யூவால் பதமாக ஒற்றி எடுத்திருந்தார்கள்.

“நீயே போட்டுக்கிட்டியாம்மா?” என்றேன்.

“என்னக்கா விளையாடறீங்க? எனக்குக் காஜலே நேரா வராது. நீங்கதானே இப்ப போட்டீங்க.”

லைனர் என் பையில் இருக்கிறது. அந்தக் கறுப்பில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். வேறு யாராவது உள்ளே வந்து தன் சொந்த லைனரால் வரைந்துவிட்டுப் போயிருக்க வேண்டும், எனக்குப் போட்டியாக யாரையோ இந்த சேலைக்கடை அம்மா ரகசியமாகக் கூட்டி வந்திருக்கிறார், என்று என் புத்தி உடனே அங்கேதான் போனது. நான் கதவையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னதுதான் கரெக்ட்டுக்கா. நான் முடிவு பண்ணிட்டேன்.”

ஏதோ லிப்ஸ்டிக் நிறத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து, “நல்லதும்மா” என்றேன். போதாதா?

ஷோ நன்றாகத்தான் நடந்தது. நிவேதா போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த வலது கண் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். என் வீட்டுக்காரர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிவேதாவின் அம்மா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்கள நம்பித்தானே ஷீலா பொண்ண அனுப்புனேன். முகத்துக்கு மேக்கப் போடச் சொன்னா மனசக் கலைச்சு அனுப்பியிருக்கீங்களே. கல்யாணம் வேணாம்னு மாப்பிள்ள வீட்டுக்கே போன் பண்ணிச் சொல்லிட்டா. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, ஷீலாக்கா சொன்னாங்கன்றா.”

“நான் ஒண்ணுமே சொல்லலைங்க.”

“சொல்லாமலா அவ்ளோ கதை தெரியும்? உங்க கல்யாணத்துக்கு ஏதோ ஓலை வாசிச்சாங்களாம், மூணு வாரம். யாராவது எழுந்து நின்னு இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்லிட மாட்டாங்களான்னு நீங்க ஒவ்வொரு வாரமும் பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தீங்களாம். யாரும் எழுந்திருக்கலையாம். அது என்ன ஓலைன்னே எனக்குப் புரியல. பனை ஓலையா?”

உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரை வாசித்து, இதற்குத் தடை ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். அதற்குப் பெயர்தான் ஓலை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தது உண்மை. வேறு யாரையும் காதலிக்கவெல்லாம் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று இந்த மனிதர் தன் அம்மாவின் சர்க்கரை அளவைப் பற்றி மட்டுமே பேசினார், அவ்வளவுதான், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரேவதியிடம் இல்லை, என்னைப் பெற்ற அம்மாவிடம் இல்லை, ஜெபத்தில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த அம்மா போன பிறகும் பேப்பர் கீழே இறங்கவில்லை. அதற்குப் பின்னால்தான் அவர் இருந்தார்.

“நீ சொன்னியா?” என்றார்.

“சத்தியமா இல்லங்க.”

“சரி” என்றார். அந்த ஓலை விஷயம் உண்மையா என்று கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

கல்யாணம் நின்றதில் என் பெயரும் கெட்டது, எங்கள் காலனியிலேயே இரண்டு பேர் மேக்கப்புக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள், அதெல்லாம் போகட்டும். பதினெட்டு வருஷம் ஒரு மனிதரோடு சந்தோஷமாகக் குடும்பம் நடத்திவிட்டு, நான் ஆரம்பத்தில் அவரை வேண்டாம் என்று நினைத்ததை யாரோ ஒரு அம்மா செருப்புக் காலோடு வந்து சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவரை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவர் சாப்பிட்டார், ஸ்கூலுக்குப் போனார், வந்தார். முன்பெல்லாம் தட்டைக் கழுவும்போது ஏதாவது பாடுவார், அந்த வாரம் பாடவில்லை.

நான் நிவேதாவைத் தேடிப் போனேன். கேளம்பாக்கத்தில் அவள் ஆபீஸ் பக்கத்து ஜூஸ் கடையில் உட்கார்ந்து பேசினோம். பொய் சொல்கிறாளா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கதவு சத்தம் கேட்டுச்சுக்கா. நீங்க வந்து என் தாடையைப் பிடிச்சீங்க. போன் அதிருது, அதை நீங்களே திருப்பி வெச்சீங்க. அப்புறம் வரைஞ்சுக்கிட்டே பேசினீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதாக்கா?”

“ஓலை வாசிச்சாங்க, யாரும் எழுந்திருக்கலன்னு சொன்னேன். அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலக்கா. கண்ணைத் திறக்காதேன்னீங்க.”

“கடைசியில எல்லாம் நல்லா அமைஞ்சுதுன்னு சொல்லலையா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “இல்லக்கா. நான் கேட்டேன், இப்ப சந்தோஷமா இருக்கீங்களான்னு. நீங்க பதில் சொல்லல.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யாராக இருந்தாலும் சரி, என் கதையைப் பாதியில் நிறுத்த அதற்கு என்ன உரிமை? நானாக இருந்தால் மீதியையும் சொல்லியிருப்பேன். அது நான் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவரைச் சமையலறையில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஓலை விஷயம் உண்மைதான் என்று சொன்னேன். மீதியையும் சொன்னேன். கல்யாணமான முதல் வருஷம் நான் பியூட்டிஷியன் கோர்ஸ் சேர்ந்தபோது பழக ஒரு முகம் கிடைக்கவில்லை, இவர்தான் டியூப்லைட் கீழே கண்ணை மூடி உட்கார்ந்து, எவ்வளவு நேரமானாலும் அசையாமல், தன் கண்ணுக்கு ஐலைனர் போட விட்டார். மறுநாள் ஓரத்தில் கறுப்பு மிச்சம் ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தப் போனார், பையன்கள் எல்லாம் சிரித்தார்கள், அன்று மாலை மறுபடியும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னைக்கு இடது கண்ணா வலது கண்ணா” என்று கேட்டார். அந்த நிமிஷத்தோடு எனக்குப் பயம் போய்விட்டது, அதற்கப்புறம் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். “தெரியும் ஷீலா. இதுக்கு எதுக்கு மறுபடியும் அழற?”

“மறுபடியும்னா?”

“முந்தாநாள் ராத்திரி லைட்ட அணைச்சதும் இதைத்தானே சொன்ன.”

முந்தாநாள் எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல். இரவு முழுக்க நான் அவள் அறையில்தான் படுத்திருந்தேன், விடிந்துதான் எழுந்து வந்தேன். அதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது, தோளில் இருந்த கை மட்டும் அப்படியே இருந்தது.

“இதேதான் சொன்னேனா?” என்று கேட்டேன்.

“இதேதான். இதைவிடக் கொஞ்சம் கூடவே சொன்ன.”

அவர் அன்று மாலை தட்டைக் கழுவும்போது பாடினார், இப்போதும் பாடுகிறார், எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கூடச் சொன்னது என்ன என்று மட்டும் நான் கேட்டால், “விடு, நீயே சொன்னதுதானே” என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடப் போய்விடுகிறார்.